மாப்பிள்ளை வந்ததற்கு ஏன் வயலின்?

எனக்கு ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். கணக்குப் பாடம் படிப்பித்துப் பழகிய வாய். சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை. போனால் போகிறது என்று பாதிப் புள்ளி போடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது. கல்முனைக்குடியில் எங்கள் சொந்தத்துக்குள் யாராவது ஒரு படத்தைப் பார்க்க உட்காரும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் 'பாருங்க' என்றால் பார்ப்பார்கள். 'பேய்ப்படம்', அதாவது உதவாத படம், என்றால் படுத்துத் தூங்குவார்கள். அப்படி நான் கொடுத்த தீர்ப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் இதுவரை மாற்றியிருக்கிறேன்.

அது இந்தியாவில் எடுத்த ஒரு தமிழ்ப் படம். பெயர் வேண்டாம், இத்தனை வருஷமாக நான் அதைத் திட்டியதே போதும். எனக்குக் கலியாணம் முடிந்த புதிதில், வீடியோ கெசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிற காலத்தில், எங்கள் வீட்டு ஹோலில் பாய் விரித்து அதைப் பார்த்தோம். உம்மா, வாப்பா, தங்கச்சி, சாச்சி, சாச்சியின் பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லாத கூட்டம். என் கணவர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். மருதமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

படத்தின் கதை இதுதான். பட்டணத்தில் ஓர் இளைஞன், சின்ன உத்தியோகம். பணக்கார வீட்டின் ஒரே மகளை விரும்புகிறான். பெண்ணின் தகப்பன், 'கட்டித் தருகிறேன், ஆனால் நீ என் வீட்டில் வந்துதான் இருக்க வேண்டும்' என்கிறார். அவன் நாள்கணக்காக யோசித்து ஒப்புக்கொள்கிறான். கலியாணம் முடிந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் படியில் கால் வைக்கிறான். அந்த இடத்தில் ஒரு வயலினைப் போட்டு இழுக்கிறார்கள் பாருங்கள், கல்லும் கரையும். அக்கம்பக்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவனுடைய தாய் தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னகா, ஆரும் மௌத்தா?" என்று உம்மா, சாவு வீட்டைப் பார்த்தவர் போல, என்னிடம் கேட்டார்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்னமோ இரிக்கி" என்றார் சாச்சி. "அதான் இந்த இழுவ இழுக்கிறானுகள். பொறுத்துப் பாருங்க."

நாங்கள் பொறுத்துத்தான் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் அடுத்த வருஷமே வீடு கட்டக் கல்லும் மணலும் பறிக்கத் தொடங்கிவிடுவார். காவின் எழுதி நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வந்தால் அதுதான் அவருக்கு வீடு. பெண்ணைப் பெற்றவர்கள் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ, அடுத்த மகளின் வீட்டுக்கோ நகர்ந்துவிடுவார்கள். என் வாப்பா அப்படித்தான் வந்தார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். தெருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் ஒரு பெட்டியோடு வந்தவர்கள்தான். அதற்காக ஒருத்தரும் வயலின் வாசித்ததில்லை. பைலாப் பாட்டுப் போட்டுத்தான் கூட்டி வந்தோம். ஆகவே, அந்தப் பெட்டி எப்போது திறக்கப்படும், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுப் படமும் காத்திருந்தோம். கடைசியில் அது வெறும் உடுப்புப் பெட்டியாகவே போய்விட்டது.

முடிவு அதைவிட மோசம். அவன் மாமனாரோடு பிணங்கிக்கொண்டு அதே பெட்டியோடு வெளியேறி, ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடிக்கிறான். பெண்சாதியும் பின்னாலேயே வந்து சேர்கிறாள். அவன் ஒரு சுத்தியலை எடுத்து, மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத சுவரில் ஆணிக்கு மேல் ஆணியாக அடிக்கிறான். படம் முடிந்தது. "ஊட்டுக்காரன் விடுவானா? நாளைக்கே எழுப்பிப் போடுவான்" என்று தங்கச்சி சொல்ல, ஹோலே விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழுந்து நின்று தீர்ப்பு வழங்கினேன்.

"இது கதையே இல்ல. மாப்பிள்ள பொண்ணு ஊட்டுக்கு வாறது ஒரு கதையா?"

என் கணவர் அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. படத்தின் நடுவிலேயே, "கடைக்குப் போய்ட்டு வாறன்" என்று எழுந்து போயிருந்தார். நல்ல ரசனை உள்ள மனுஷன், பேய்ப்படத்தை இடையில் விட்டுவிட்டுப் போகத் தெரிந்தவர் என்று நான் மெத்தப் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடியாக நிலைத்துவிட்டது. எந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளை படியேறினாலும், "வயலின் எங்க?" என்று நான் கேட்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். வருஷங்கள் போகப் போகப் படம் பார்க்காத பிள்ளைகளும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இனி இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள். மருந்தாளராக வேலை செய்கிறாள். இங்கே ஒரு வங்கிக்கு மாற்றலாகி வந்த, தூரத்து மலைப்பக்கத்து மாவனெல்லைப் பொடியன் ஒருவனை அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது, மறைக்க என்ன இருக்கிறது? தொழுகையுள்ள பிள்ளை, பேச்சில் மரியாதை, சாப்பிட்ட பீங்கானைத் தானே எடுத்து வைக்கிற பழக்கம். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. அவன் எங்கள் வீட்டுக்கு வரமாட்டான்.

"எங்கட பக்கம் அப்படி இல்ல மாமி" என்று என் முகத்துக்கு நேரே, ஆனால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "பொண்ணு ஊட்டுல போய் இருந்தா எங்கட ஊருல சிரிப்பாங்க. வாப்பாக்கு அது பெரிய வெக்கம்."

கலியாணம் முடிந்ததும் அவன் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது, மகளும் கூடப் போய் அங்கே மாமியார் வீட்டில் இருப்பது என்பது அவர்கள் பேச்சு. கல்முனையில் கடற்காற்றோடு வளர்ந்த பிள்ளை, மலைக்குப் போய், எவரோ ஒருத்தருடைய குசினியில், எவரையோ கேட்டு அடுப்பு மூட்ட வேண்டும். இங்கே நாங்கள் முன்வீட்டுக்கு மாபிள் பதித்து, எங்களுக்கென்று பின்வளவில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி முடித்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றேன்.

மகள் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஓம், இல்லை, சாப்பிட்டேன், அவ்வளவுதான். அவள் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். என் கணவரிடம் கேட்டால், வழமைபோல, "நீ சொல்றதுதான்" என்றார். அவர் பஸாரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் நல்ல சத்தமான மனுஷன் என்று சொல்வார்கள். வீட்டில் அவர் எதற்கும் 'நீ சொல்றதுதான்'.

அப்போதுதான் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டுக்கு வருவதில் வெட்கம் என்று எண்ணுகிற ஆள் எப்படிப்பட்ட விசர்வேலை பார்ப்பான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன? நல்ல வீட்டை விட்டுவிட்டு ஒற்றை அறையில் ஆணி அடித்துக்கொண்டு நிற்பவனை மகள் தன் கண்ணால் பார்க்கட்டும். தேடினேன், இன்டர்நெட்டில் முழுப் படமும் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பாடும் முடிந்த கையோடு, தங்கச்சியையும் வரச்சொல்லி, எல்லாரையும் டிவிக்கு முன்னால் இருத்தினேன்.

"இண்டைக்கு ஒரு பகிடிப் படம் பாப்பம்" என்றேன்.

வயலின் வந்தது. நான் தயாராகச் சிரித்தேன். தங்கச்சியும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. என் கணவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு சாப்பாட்டுக் கட்டம். மாமியார் அவனுக்கு மேசை போட்டு, பெரிய மீன் துண்டாகத் தெரிந்தெடுத்து வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறுகிறாள். முன்பு பார்த்தபோது, 'பாரன், எவ்வளவு மரியாதை, இவனுக்கு இன்னும் என்ன குறை' என்று நாங்கள் பேசிக்கொண்ட இடம் அது. இப்போது நான் அந்த மீனைப் பார்க்கவில்லை. அவன் பார்த்த திசையைப் பார்த்தேன். உள்ளே, குசினி நிலத்தில், அவனுடைய பெண்சாதியும் அவள் வீட்டாரும் வட்டமாக இருந்து, ஒருத்தர் பீங்கானிலிருந்து ஒருத்தர் எடுத்துத் தின்று, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமெரா அதைத் தூரத்திலிருந்து, அவனுடைய கதிரையிலிருந்து காட்டியது. அடுத்த கட்டத்தில் அவனுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. அதே மேசை. அதே பெரிய துண்டு. அதே தூரம்.

அன்றைக்கு மத்தியானம் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்பது எனக்கு உடனே மனதில் வந்தது. நானும் தங்கச்சியும் மகளும் குசினியில் கீழே இருந்து, சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதை கதைத்துக்கொண்டு தின்றோம். அவருக்கு ஹோலில் மேசை. பாரைக்குட்டி மீனின் நடுத்துண்டு. கை கழுவக் கோப்பையில் தண்ணீர். மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதையில் இருபத்தைந்து வருஷமாக ஒரு குறையும் வைக்காத வீடு எங்களுடையது. அதை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மரியாதை குறையவில்லை என்றால் மனுஷன் இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறான் என்பது எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை.

"இப்ப ஆணிக்கதை வரும்" என்றார் என் கணவர், மெதுவாக.

வந்தது. அவன் தன் தாயின் படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டும். பெண்சாதியைக் கேட்கிறான். அவள் தாயைக் கேட்கச் சொல்கிறாள். தாய் தகப்பனைக் கேட்கச் சொல்கிறாள். தகப்பன் கோபப்படுவதே இல்லை. நல்ல சிரித்த முகமாக, 'அதற்கென்ன மாப்பிள்ளை, பின்னறையில் ஓர் ஆணி சும்மாதானே இருக்கிறது, அதில் மாட்டுங்கள்' என்கிறார். வில்லன் என்று நான் ஊரெல்லாம் சொன்ன ஆள் வில்லனே இல்லை. அன்பான மனுஷன். அதுதான் விஷயமே. சண்டை பிடிக்க ஓர் இடமும் கொடுக்காத அன்பு.

நான் டிவியை நிறுத்தி வைத்தேன். "ஆணிக்கதை வரும் எண்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அண்டைக்கு இடையில எழும்பிப் போனீங்களே?"

"மறுகா பாத்தன்" என்றார். "ராத்தாட ஊட்டுல."

"எப்ப?"

"அப்ப ஒருக்கா. பிறகும் பாத்திரிக்கன்."

எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. பின்னேரமானால் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போய், தன் அக்கா, அந்த ராத்தாவின் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது எங்களுக்கெல்லாம் பழகிய விஷயம். ராத்தாவின் கைத் தேத்தண்ணி அவ்வளவு ருசி என்று நானே வேடிக்கையாகச் சொல்வேன். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அங்கே அவர் கேட்காமலே குசினிக்குள் போய், டப்பாவைத் திறந்து, சீனியை அள்ளிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து குடித்தார். அது அப்போது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

மிச்சப் படத்தையும் பார்த்தோம். கடைசியில் அவன் சுவரில் ஆணிக்கு மேல் ஆணியாக அடித்தபோது, தங்கச்சி, வீட்டுக்காரன் எழுப்பிவிடுவான் என்ற அந்தப் பழைய பகிடியைத் திரும்பச் சொல்லப் போய், என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். நான் அழுதேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நன்றாகவே அழுதேன்.

நல்ல படம். அதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுகள் இப்போதும் சகிக்க முடியாதவைதான், கதாநாயகிக்கு நடிப்பு என்பது கண்ணை உருட்டுவது, வயலினும் ஒரு பங்கு அதிகம். இவற்றில் என் அபிப்பிராயம் மாறவில்லை. இன்னொன்றும் அந்தப் படத்துக்குத் தெரியாது. சொந்த நிலத்தில் காலூன்றி நிற்கிற பெண்ணுக்கு எப்படிப்பட்ட முதுகெலும்பு இருக்கும் என்பது தெரியாது. இந்த வீடு என் பெயரில் இருப்பதால்தான் நான் நினைத்ததை நினைத்தபடி கதைக்கிறேன். ஆனால் அந்த மேசையும் குசினியும் தூரமும், அதைக் காட்ட ஒரு நல்ல கை வேண்டும். இருபத்தைந்து வருஷமாக அதைப் பேய்ப்படம் என்று சொன்னேன். இனிச் சொல்லமாட்டேன்.

தீர்ப்பு மாறினால் நடவடிக்கையும் மாற வேண்டும். நான் டிவியை அணைத்துவிட்டு மகளிடம் திரும்பினேன்.

"சரி. அந்தப் புள்ள இஞ்ச வர வேணாம். நீ மாவனெல்லைக்குப் போ. நாங்க சந்தோசமா அனுப்புறம்."

தங்கச்சி, "ராத்தா, ஒங்களுக்கு என்ன புடிச்சிரிக்கி?" என்றாள்.

"வேணாம்" என்றார் என் கணவர்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"நான் வந்தவன்" என்றார். "மருதமுனை எவ்வளவு தூரம்? சைக்கிள மிதிச்சிப் போய்ட்டு வரலாம். நினைச்ச நேரம் போய்ட்டுத்தான் வந்தன். அப்படியிருந்தே..." அதை அவர் முடிக்கவில்லை. "மாவனெல்லைக்கு என்ட மகள அனுப்ப ஏலா."

இந்த வீட்டுக்குள் அவர் 'ஏலா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டும் சொல்லவில்லை. தன்னைப் போல ஓர் ஆள் வந்து இங்கே இருக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. தான் பட்டதை மகள் படக்கூடாது, அவ்வளவுதான்.

மகள்தான் கதைத்தாள். படத்தில் வந்த மாதிரியே ஓர் அறை போதும் என்றாள். அவன் மாற்றத்தை நிறுத்திக்கொள்ளட்டும், அவளும் வேலையை விட வேண்டாம், கல்முனையிலேயே ஒரு வாடகை வீடு பார்ப்போம். அவனுடைய வீடுமில்லை, அவளுடைய வீடுமில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் படியேறுவார்கள். அவள் இதை அவனோடு எப்போதோ கதைத்து முடித்திருந்தாள் என்பது கேட்ட உடனேயே விளங்கிவிட்டது.

"மாபிள் பதிச்ச ஊடு இரிக்க, வாடக ஊடா? ஊரு காறித் துப்பும்" என்றாள் தங்கச்சி.

ஊர் என்ன சொல்லும் என்று எனக்கும் தெரியும். 'டீச்சர் மகளுக்கு வீடு கொடுக்கவில்லையாம்' என்பார்கள். 'கொடுக்க இல்லையா, வாங்கத்தான் ஆளில்லையா' என்பார்கள். கொஞ்ச நாளைக்கு நல்ல தீனி. எனக்கு இரண்டு நிமிஷம் நெஞ்சு எரிந்தது. பிறகு என் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார், 'நீ சொல்றதுதான்' என்று ஆட்டுகிற ஆட்டல் இல்லை அது. சரி என்றேன். மாவனெல்லைக்காரர்களும் இரண்டு பயணம் வந்து கதைத்து, முகத்தைச் சுளித்து, பிறகு சம்மதித்தார்கள். பக்கத்துச் சாய்ந்தமருதில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். பெருநாள் கழித்துக் காவின்.

சம்மதம் வந்த அன்று பின்னேரம் அவர் மருதமுனைக்குப் போகவில்லை. நானும் அவரும் மட்டும் ஹோலில் இருந்தோம். மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வீடு எங்களுக்கே ஆகிவிட்டது, இனி நாங்கள் பின்வளவுக்கு நகரத் தேவையில்லை. எனக்கு அது அப்போதுதான் சரியாக உறைத்தது.

"இஞ்சேருங்க" என்றேன். "ஊடு இனி நம்மட கையிலதான் இரிக்கப்போகுது. ஒங்களுக்கு இதுல என்னத்த மாத்தோணும்? சொல்லுங்க."

அவர் யோசிப்பார், பிறகு 'நீ சொல்றதுதான்' என்பார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவில்லை.

"இந்தச் செவருட பச்சை" என்றார். "எனக்குப் புடிக்கல்ல."

"எப்பயிருந்து?"

"வந்த நாள்ல இருந்து."

அந்தப் பச்சை என் வாப்பா தெரிந்தெடுத்த நிறம். வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முன்னால், அதே பச்சையில் ஒரு வாளி வாங்கி வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி அந்தச் சுவரைப் பூசுகிறவர் என் கணவர்தான்.